ஓடிக்கொண்டிருந்த பழைய கார் திடீரென நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டைமிங் பெல்ட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள். இந்நேரம் நாலைந்து தடவை செல்ஃப் அடித்திருப்பீர்கள். நானும் அடித்தேன், அதனால்தான் எழுதுகிறேன். டைமிங் பெல்ட் என்பது, கீழே பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை. அது போயிருந்தால், செல்ஃப் அடிக்க அடிக்க பிஸ்டன் வால்வில் மோதலாம்.

எங்களுடையது 2003 மாடல் டீசல் கார். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகும்போது, குன்றக்குடி தாண்டியதும் கரண்ட் போன மாதிரி நின்றது. திணறல், உதறல் எதுவும் இல்லை. செல்ஃப் அடித்தால் வழக்கமான முக்கலைக் காணோம். கிர்ரென்று லேசாக, வேகமாகச் சுற்றியது. பேட்டரி நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, இருந்தால் அப்படிச் சுற்றாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சைலன்சரில் துளிப் புகையும் இல்லை. எங்கள் வண்டியில் டீசல் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது.

வந்த மெக்கானிக் மேல் கவரைக் கழற்றிப் பார்த்து, "பெல்ட்டு முழுசா இருக்குண்ணே, டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்க வைத்தார். பெல்ட் அறுந்திருக்கவே வேண்டும் என்றில்லை. எங்கள் பெல்ட்டில் கீழே, கிராங்க் பக்கம், பல்லெல்லாம் உரிந்து போயிருந்தது. மேலே பார்த்தால் புதுசு மாதிரி.

கயிறு கட்டி இழுத்துப்போன பட்டறையில் ஒரு பெரியவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் கேம் மேல் டார்ச் அடித்தார். கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பச் சொன்னார். கேம் அசையவில்லை. கிராங்க் திரும்பியும் கேம் நின்றால் பெல்ட் போச்சு. அவ்வளவுதான் சோதனை. திருப்பும்போது முட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல் பாகம்) கழற்றியபோது வால்வுகள் வளைந்திருந்தன.

எல்லா எஞ்சினிலும் வால்வு வளையும் என்றில்லை, பழைய பெட்ரோல் அம்பாசிடரில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். தெரியும். அதைச் சொல்ல யாரும் கமெண்டுக்கு வர வேண்டாம். நான் மெக்கானிக்கும் இல்லை.

41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஆனால் ரப்பருக்கு வயதும் கணக்கு. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் மட்டும் எடுப்போம். மற்ற நாளெல்லாம் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டுப் பின்கட்டில் நிற்கும். கிராங்க் சீலில் கசிந்த ஆயில் வேறு பெல்ட்டை ஊற வைத்திருந்தது. மாற்றிவிடலாம் என்று முன்பே சொன்னேன். அப்பச்சி (அப்பா) காலத்தில் ஆறு புள்ளியும், அதாவது ஆறு பங்காளிக் குடும்பமும், சேர்ந்து வாங்கிய வண்டி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தீர்ந்தது. "நாங்க எங்கே ஓட்டுறோம்?" என்றார்கள் பங்காளிகள். முகப்பில் ஓடு ஒழுகுவதற்கும் இதே பதில்தான். சிங்கப்பூரிலிருந்து வந்தால் வளவுத் (நடுமுற்றத்துத்) தூணில் சாய்ந்து போட்டோ எடுக்க மட்டும் வீடு வேண்டும். ஹெட் வேலைக்கான பில்லைக் குடும்ப குரூப்பில் போட்டேன். மூன்று கும்பிடு பொம்மை வந்தது.