மண்டபத்துப் புகையும் தொய்வுள்ள பிள்ளையும்

கேள்வி: தங்கையின் திருமணம் கல்லடியில் குளிரூட்டிய மண்டபமொன்றில் நடக்கவுள்ளது. மணமக்கள் மேடைக்கு வரும்போது புகை விடப்போவதாக அலங்கரிப்பாளர் கூறுகிறார். ஆறு வயதான என் மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) உண்டு. அவனை அழைத்துச் செல்லலாமா?

பதில்: அந்தப் புகை எதிலிருந்து உண்டாகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற முடியும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்றையும் அலங்கரிப்பாளர்கள் 'புகை' என்றே அழைப்பதால், பயன்படுத்தும் பொருளை நேரில் காட்டுமாறு கேளுங்கள்.

பெரும்பாலும் அது புகை மெஷினாக இருக்கும். நீரில் புரோப்பிலீன் கிளைக்கோல் அல்லது கிளிசரின் கலந்த திரவத்தை அது சூடாக்கி, நுண்துளிகளாக வெளிவிடுகிறது. ஆரோக்கியமானவருக்குத் தொண்டை வறண்டு சிறிது இருமல் வரலாம். தொய்வுள்ள பிள்ளைக்கோ மூச்சுக்குழாய் சுருங்க அதுவே போதுமானது. மெஷின் அளவுமீறிச் சூடாகினால் கிளிசரின் சிதைந்து, அக்ரோலின் என்னும் கடும் எரிச்சலூட்டும் பொருள் உண்டாகும். கருகிய எண்ணெய் நெடி வீசினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

தரையோடு தவழும் வெண்முகில் என்றால், அது பெரும்பாலும் −78.5 பாகை செல்சியஸில் உள்ள உலர்பனி, அதாவது உறைந்த காபனீரொட்சைட்டு, ஆகும். பார்ப்பதற்கு இதுவே சாதுவானது. எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுவே. கண்ணுக்குத் தெரிவது நீர்த்துளிகள் மட்டுமே. அதிலிருந்து வெளியேறும் கண்ணுக்குத் தெரியாத காபனீரொட்சைட்டு வாயு, காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானதால் கீழே தேங்கி, பெரியவர்களுக்கு முன்பாகச் சிறுவர்களின் மூக்கை எட்டுகிறது. வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 0.04 சதவீதம், எட்டு மணிநேர வேலைக்கான எல்லை 0.5 சதவீதம், 4 சதவீதம் உயிராபத்தானது. முகில் கலைந்துவிட்டதால் வாயுவும் போய்விட்டதாகக் கொள்ளக்கூடாது.

மூன்றாவதான வண்ணப் புகைக்குண்டு உண்மையிலேயே எரிந்து சாயத்தூளைப் பரப்புவது. மூடிய மண்டபத்தில் அதற்கு இடமே இல்லை. கடற்கரையில் படம் பிடிக்கும்போதுகூடக் காற்று வரும் பக்கமாகவே நிற்க வேண்டும்.

மகனுக்கு அண்மையில் தொய்வு கூடியிருந்தால், புகை விட்டு முடித்துக் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்திய பின்னரே உள்ளே அழைத்து வாருங்கள். மற்றபடி, மேடைக்குத் தொலைவாக, வாசலருகே அமர்த்தலாம். பம்பும் (இன்ஹேலர்) அதனுடன் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் கைப்பையில் இருக்கட்டும். இழுப்புத் தொடங்கினால் வெளியே கொண்டுசென்று, வைத்தியர் சொல்லியிருக்கும் அளவில் பம்பைக் கொடுங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமை, விலா உள்ளிழுத்தல், உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதியாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அன்றிரவு வீட்டிலும் அவன் மூச்சைக் கவனியுங்கள்; இழுப்பு சில மணிநேரம் கழித்தும் வரக்கூடும்.