முன்பற்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து போடும் வெனீர், திரையில் காட்டியது போலவே வருமா?

வெனீர் என்றால் பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. அதன் வடிவம் ஏறக்குறைய அப்படியே வரும். நிறத்தைப் பற்றித் திரை சொல்வதை நம்பாதீர்கள்.

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், ஏதோ ஒரு கிளினிக்கில் உங்களைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து, அதில் புதுப் பல்லை ஒட்டிக் காட்டி, முன்பணமும் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெனீர் ஒட்ட இடம் செய்வதற்காக டாக்டர் உங்கள் பல்லை இன்னும் தேய்த்துக் குறைக்கவில்லை என்றால் நல்லது, மேலே படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. சேலத்தில் பல் லேபில் 19 வருடமாக வேலை. முதல் பத்து வருடம் மெழுகு, பீங்கான் பொடி, பிரஷ். அப்புறம் ஸ்கேன் ஃபைல், எக்ஸோகேட் என்ற டிசைன் சாஃப்ட்வேர், பல்லைக் கடைந்தெடுக்கும் மில்லிங் மெஷின். அதனால் "கையால் செய்தவனுக்கு மெஷின் மேல் பொறாமை" என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். அந்த மெஷினுக்கு மாதத் தவணை கட்டுவதே நான்தான்.

சில வருடங்களுக்கு முன் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை. அந்த ஊர்த் தண்ணீர் பற்றித் தெரிந்திருக்கும், ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதிலேயே பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும், எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர். மேலே ஆறு பல்லுக்கு வெனீர். டாக்டர் பல்லை லேசாகத் தேய்த்து, ஸ்கேன் செய்து ஃபைலை அனுப்பினார். கூடவே ஒரு வரி: ஷேட் ஏ1, அதாவது நல்ல வெளிர் நிறம்.

எங்களுக்கு வரும் ஃபைல் பெரும்பாலும் எஸ்டிஎல். அதில் வடிவம் மட்டும்தான் இருக்கும், நிறம் கிடையாது. கறை படிந்த பல்லும் முத்துப் பல்லும் திரையில் ஒரே சாம்பல் பொம்மை. நான் சாஃப்ட்வேரில் இருக்கும் தயார்ப் பல் வடிவங்களிலிருந்து ஒரு செட்டை எடுத்து, வலது பக்கத்தைச் சரிசெய்து, இடது பக்கத்துக்கு அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டேன். தடிமன் 0.5 மி.மீ. லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் வகையில், ஒளி அதிகம் புகும் பிளாக் (கடைவதற்கான கட்டி). அந்த பிளாக் மெஷினுக்குள் போகும்போது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். கடைந்து முடித்து 850 டிகிரி அளவில் சுட்ட பிறகுதான் பல் நிறம் வரும், முழுப் பலமும் அப்போதுதான் வரும். மாடலில் மாட்டிப் பார்த்தேன், அவ்வளவு அழகு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

மறுநாள் டாக்டர் போன் செய்தார், "ஒரு தடவை வந்து பாருங்க." போனேன். ஒட்டுவதற்கு முன் சும்மா வைத்துப் பார்க்கும் கட்டம். உள்ளே இருந்த பழுப்பு வெளியே தெரிந்து, ஆறு பல்லும் கலங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. அரை மில்லிமீட்டர் பீங்கான் எதை மறைக்கும்? தேய்த்த பல்லின் நிறம் என்ன என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டியது நான். டாக்டரும் அனுப்பவில்லை என்பது உண்மை, ஆனால் கேட்காதது என் தப்புதான். அது போதாதென்று கூட வந்திருந்த அந்தம்மாவின் தாயார், "என்னமோ வேற பொண்ணு சிரிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றார். நிறத்தைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

சரி, திரும்பவும் ஆரம்பித்தோம். கறை ஆழமாக இருந்த இடங்களில் டாக்டர் இன்னும் கொஞ்சம் தேய்த்து, கம்போசிட் என்ற பல் அடைக்கும் பிசினில் ஒளி புகாத வகையை வைத்து அடைத்தார். இந்த முறை ஷேட் கார்டை, அதாவது பல் நிற மாதிரிகளை, தேய்த்த பல் பக்கத்தில் பிடித்து எடுத்த போட்டோ வந்தது. ஒளி குறைவாக விடும் பிளாக்குக்கு மாறி, தடிமனை 0.7 ஆக்கினேன். வடிவத்துக்குக் கைகொடுத்தது அதே கம்ப்யூட்டர்தான், அதையும் சொல்ல வேண்டும். பல்லைத் தேய்ப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் டாக்டரிடம் இருந்தது. அதை டிசைன் மேல் போட்டுப் பார்த்தால், இடது பக்க இரண்டாவது பல் லேசாக உள்பக்கம் திரும்பியிருக்கிறது. நான் கண்ணாடிப் பிம்பத்தில் அதை நிமிர்த்தித் தொலைத்திருக்கிறேன். அதை மட்டும் பாதி அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். மெழுகுக் காலமாக இருந்தால் அந்தப் பல்லை எங்கே போய்த் தேடுவது?

"ஒரே நாளில் முடியும்" என்று சில கிளினிக்குகள் சொல்வதும் பொய் இல்லை. 1985-லேயே சூரிச்சில் மோர்மன் என்ற பேராசிரியர் மெஷினில் கடைந்த பீங்கான் துண்டை நோயாளியை உட்கார வைத்தே பல்லில் பொருத்திவிட்டார். ஆனால் கடையும் முனை 1 மி.மீ. வரை இருக்கும், மெல்லியது என்றால் 0.6. அதைவிடச் சின்னப் பள்ளம் எதையும் அதனால் போட முடியாது. நிஜப் பல்லில் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள், ஓரத்து வளைவில் வெளிச்சம் உடைகிற இடம், இதெல்லாம் இன்னும் கையால்தான். ஆறு பல்லுக்கு எனக்கு அரை நாள் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. 1948-ல் வந்த பல் மருத்துவர்கள் சட்டத்தில் எங்களுக்கு வைத்த பெயர் "டென்டல் மெக்கானிக்". சங்ககிரிப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது அதை அப்படியே சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா, "மெக்கானிக்குன்னா... லாரிங்களா?" என்றார். லாரி ஊரில் வேறு எப்படிக் கேட்பார்? அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இன்றைக்கும் முன்-பின் போட்டோ போடும் கிளினிக்குகள் ஸ்கேனர் கம்பெனி பேரை எழுதுகின்றன, பல்லைச் செய்தவன் பேரை எழுதுவதில்லை. போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, தேய்ப்பதற்கு முன் மாக்கப் கேளுங்கள். டிசைனை 3டி பிரிண்டரில் அச்செடுத்து, அதிலிருந்து தற்காலிகப் பிசினில் உங்கள் பல் மேலேயே போட்டுக் காட்டுவார்கள். போட்டுக்கொண்டு பேசிப் பாருங்கள். டாக்டர்கள் ஆங்கிலத்தில் ஃபிஃப்டியிலிருந்து எண்ணச் சொல்வார்கள். அப்போது மேல்பல் நுனி கீழுதட்டைத் தொடும், நீளம் சரியா என்று தெரியும். ஐம்பது, ஐம்பத்தொன்று என்று எண்ணினால் பயனில்லை, உதடும் உதடும்தான் ஒட்டும். "வவ்வால்" சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் அம்மாவிடமும் காட்டுங்கள்.

தேய்த்த பிறகு, உள்பல்லின் நிறத்தைப் போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். டாக்டர் முறைத்தால் சேலத்தில் ஒருத்தன் எழுதினான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரும் எனக்கே வேலை அனுப்புபவராக இருக்கலாம்.