ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடலோர வீட்டிலேயே ஒரு இண்டி பாப் (பெரிய கம்பெனி இல்லாமல் நாமே போடும் பாப்) ஆல்பம் பதிவு செய்ய முடியுமா? கிட்டாரும் குரலும் மட்டும். எல்லாம் தன்னையே கிண்டலடிக்கும் காதல் பாட்டுகள்.

தாராளமாக முடியும். இந்த மாதிரிப் பாட்டில் ஒரு சொல் காதில் விழாவிட்டால் சிரிப்பே போச்சு. அதனால் காசும் கவனமும் முதலில் குரலுக்கு.

சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வேண்டாம். கடலோர ஈரம் அதன் கேப்ஸ்யூலில் (சத்தத்தை வாங்கும் பகுதியில்) ஏறினால் படபடவென்று இரையும். பனையோலைச் சலசலப்பையும் விடாமல் பிடிக்கும். ஷூர் எஸ்எம்58 போல ஒரு டைனமிக் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்க இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன் போதும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. அதைவிட நெருங்கினால் குரல் கும்மென்று ஆகிவிடும்; 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டுங்கள். 24 பிட்டில் பதியுங்கள், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கனமான போர்வையை மைக்குக்குப் பின்னால் கட்டுவார்கள். அதில் பெரிய பலன் இல்லை; அந்த மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் கட்டினால்தான் சுவர் எதிரொலி அடங்கும்.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வலுக்கும் ஆனி, ஆடியில் ஜன்னலை அடைத்தாலும் இரைச்சல் நிற்காது. சித்திரையில் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு எஞ்சின் தொல்லையும் இருக்காது. ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும், புழுங்கும்.

உப்புக்காற்றில் கிட்டார் கம்பி சீக்கிரம் மங்கிவிடும். கோட்டிங் உள்ள கம்பி வாங்கி, வாசித்ததும் துடைத்துப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

இனி வரி. இப்படி ஒன்று என்று வைத்துக்கொள்வோம்:

‘இறாலு நண்டெல்லாம் ஏலம் போகுது கண்ணே,
கூடையில நான் மட்டும் சங்காயம்.’

சங்காயம் என்றால் விலை போகாத கழிவு மீன். அந்தக் கடைசிச் சொல்லில்தான் சிரிப்பு. அதற்கு முன் ஒரு தட்டு மௌனம் விடுங்கள், கிட்டாரையும் கையால் அமுக்குங்கள், ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) வேண்டாம். மெட்டு குறிலை இழுக்காமல் பாருங்கள்; ‘வலை’யை இழுத்தால் ‘வாலை’ என்று கேட்கும்.

கிண்டலின் அடி பாடுகிறவன் மேல் விழ வேண்டும், காதலி மேல் விழுந்தால் அது வழக்கமான சூப் பாட்டு, அதாவது காதல் தோல்விப் பாட்டு. பத்துப் பாட்டில் இரண்டு பாட்டாவது கிண்டலே இல்லாமல் நேராகக் காதலைச் சொல்லட்டும். இல்லாவிட்டால் ஐந்தாவது பாட்டிலேயே கேட்பவருக்கு இது வெறும் புலம்பலாகிவிடும்.