தடாலென்று இறங்கினால் விமானம் தாங்குமா?

கேள்வி: ஆயாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தேன். இறங்கும்போது தடாலென்று ஒரு அடி. தலைக்கு மேலே இருந்த பெட்டிக் கதவு ஒன்று தானாகத் திறந்துகொண்டது, ஆயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று கத்திவிட்டார். அதே விமானம் திரும்பிப் போக நாலு மணி நேரம் தாமதமாம். பைலட்டுக்கு இறக்கத் தெரியவில்லையா? விமானத்துக்கு ஏதும் ஆகிவிட்டதா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் ஆயாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடுங்கள். வழக்கமாக விமானம் தரையைத் தொடும்போது நிமிடத்துக்கு 100, 200 அடி வேகத்தில்தான் கீழே வருகிறது. சக்கரக் கால்களோ, இறங்க அனுமதித்த முழு எடையோடு 600 அடி வேகத்தில் வந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டவை. கால் குழாய்க்குள் இருக்கிற எண்ணெயும் நைட்ரஜனும்தான் அந்த அடியை வாங்கிக்கொள்கின்றன, பைக் ஷாக் அப்சார்பருக்குப் பெரியண்ணன் என்று வையுங்கள்.

தாமதம் அநேகமாகச் சோதனைக்காக இருக்கும். பைலட் 'அடி பலம்' என்று எழுதி வைத்தாலே இன்ஜினியர் பார்த்தாக வேண்டும். ஏர்பஸ் 320இல் 2.6 ஜி (அதாவது புவியீர்ப்பைப் போல 2.6 மடங்கு விசை) தாண்டினால் அது கடினமான இறக்கம் என்று கணக்கு, அதாவது 60 கிலோ ஆள் ஒரு கணம் 156 கிலோவாக உணர்வார். டயர், கால் குழாயில் எண்ணெய்க் கசிவு, இறக்கையில் எரிபொருள் கசிவு, இன்ஜின் தொங்குகிற இடம், கழன்ற ரிவெட் எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் உடம்புத் தகட்டில் சுருக்கம். நம்மூர்ப் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவரை நேரே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால்தானே மேடு பள்ளம் தெரியும்? இதுவும் அப்படித்தான்.

என்னைக் கேட்டால், முதல் அடியைவிட விமானம் எம்பிக் குதித்த பிறகு நடப்பதுதான் பயம். 2012 ஜூனில் ஜப்பானின் நரிதாவில் ஒரு போயிங் 767 எம்பி, மூக்குச் சக்கரம் தரையில் மோதி, முன்பக்க மேற்கூரைத் தகடே மடிந்து சுருங்கிவிட்டது. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் டொரன்டோ, 2025 பிப்ரவரி 17: நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,100 அடி வேகம், வலது சக்கரக் கால் முறிந்து, இறக்கை பிய்ந்து, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் பிழைத்தார்கள், அதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்தான்.

கேள்வி: மழை நாளில் மட்டும் ஏன் இப்படிக் குத்துகிறார்கள்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டுமென்றேதான். ஓடுபாதையில் தண்ணீர் நின்றால் டயர் அதன் மேல் மிதந்து வழுக்கும், பிரேக் பிடிக்காது. கொஞ்சம் பலமாக வைத்தால் சக்கரம் தண்ணீரைக் கிழித்துச் சுழலும், காலில் எடை விழுந்ததும் இறக்கை மேலே பலகைகள் எழும்பி விமானத்தைத் தரையோடு அழுத்தும். பூப்போல இறக்குகிறேன் என்று மிதந்துகொண்டே போனால் பாதை தீர்ந்துவிடும். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோட்டில் மழையில் வந்த விமானம் தரையைத் தொட்டதே ஏறக்குறைய பாதிப் பாதை போன பிறகு. அது முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள்.