பத்து விதைக்கு எதற்கு இத்தனை பேப்பர்?

கேள்வி: மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். பால்கனியில் வைக்க நம்மூர் குண்டு மிளகாய் விதையும் முருங்கை விதையும் கேட்கிறாள். கவரில் ‘மசாலா’ என்று எழுதி அனுப்பு, யாரும் பிரிக்க மாட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு லாத்தா. அனுப்பலாமா?
வாசகி, கீழக்கரை

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மட்டும் லாத்தா பேச்சைக் கேட்காதீர்கள். வெளிநாட்டுப் பார்சலில் ஒட்டுகிற சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதை எழுதிக் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை, நீங்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து போகும் நடவு விதை எதுவானாலும் கூடவே தாவர நலச் சான்றிதழ், அதாவது ‘பைட்டோசானிட்டரி சர்டிபிகேட்’, இருக்க வேண்டும். தபாலில் போனாலும் சரி, லீவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற மகளின் பெட்டியில் போனாலும் சரி, பத்து விதையோ பத்து கிலோவோ, ஒரே சட்டம்தான்.

அந்தச் சான்றிதழைத் தருவது நம் மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையங்கள். உங்களுக்குப் பக்கம் தூத்துக்குடி, இல்லையென்றால் சென்னை. ஆன்லைனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, விதையைக் காட்ட வேண்டும். கன்டெய்னரில் ஏற்றுமதி செய்கிறவருக்கு இது சாதாரண வேலை. மகளுக்கு ஒரு பொட்டலம் அனுப்பும் அம்மாவுக்குப் போக்குவரத்துச் செலவே விதையின் விலையைப் போலப் பல மடங்காகிவிடும்.

மிளகாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தக்காளியையும் மிளகாயையும் பிடிக்கிற ஒரு வைரஸ், இலையைச் சுருக்கிப் பழத்தில் பழுப்புத் திட்டு போடுவது, 2015-ல் ஜோர்டானில் தக்காளியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு ஊர் தாண்டிப் போகும், வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் 2019-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்த இரண்டு விதைகளுக்கும் தனிக் கெடுபிடி கொண்டுவந்தன. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்று சொன்னாலும் அந்த ஊர் அதிகாரி இரங்க மாட்டார்.

இதை மீறி முறையாக அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், விதை சுத்தமாக இருக்க வேண்டும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் போடுகிற குண்டு வத்தலை உடைத்துப் பாருங்கள், விதையோடு காம்புத் தூளும் காய்ந்த சதையும் களத்து மண்ணும் கலந்தே வரும். நம் வீடுகளில் சுரை விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அறைந்து வைப்போம், சாம்பலில் புரட்டி எடுப்போம். நம் வீட்டுக்கு அது அருமையான பாதுகாப்பு, சோதனை மேசையில் அதுவே நிராகரிக்கக் காரணம்.

என்னைக் கேட்டால், மகள் ஐரோப்பாவுக்குள்ளேயே விற்கிற விதையை வாங்குவதுதான் நல்லது. மிளகாய் விதை அங்கே தாராளமாகக் கிடைக்கும், நம் குண்டு ரகம் கிடைக்காது என்பது வருத்தம்தான். முருங்கை எப்படியும் ஜெர்மன் குளிரில் வெளியே நிற்காது, பனிக்காலத்தில் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வைக்கத் தெம்பு இருக்கிறதா என்று மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் நம்மூர் மல்லிகைச் செடி கேட்கிறார். அங்கே விதி கொஞ்சம் தளர்வு என்கிறார், உண்மையா?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: பாதி உண்மை. அமெரிக்க வேளாண் துறையில் ‘சிறு அளவு விதை’ என்று ஒரு அனுமதி உண்டு, வாங்குகிறவர் அங்கேயே முன்கூட்டி விண்ணப்பித்து எடுக்க வேண்டும். பொட்டலத்துக்கு அதிகபட்சம் 50 விதை அல்லது 10 கிராம், ஒரு பார்சலில் 50 பொட்டலம் வரை, ஒவ்வொன்றின் மேலும் தாவரவியல் பெயர், அனுப்புகிறவர் பெயர், நாடு. இந்த அளவுக்குள் இருந்தால் சான்றிதழ் தேவையில்லை. பார்சல் மச்சான் வீட்டுக்கு நேரே போகாது, அவர்களுடைய சோதனை நிலையத்துக்குப் போய், பார்த்த பிறகுதான் அவர் கைக்கு வரும். வீட்டுத் தோட்டக்காரர்களை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள், மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றலாம் என்பது என் கருத்து. ஆனால் எல்லா விதையும் இதில் அடங்காது. அப்புறம், இது விதைக்கு மட்டும்தான். உங்கள் ஊர் மல்லிகைப் பதியனுக்கு வேர் இருக்கிறது, வேரில் மண் இருக்கிறது, அந்த மண்ணோடு அது அமெரிக்காவுக்குள் நுழையவே முடியாது.

கேள்வி: மன்னாரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குத் தெரிந்தவர்கள் படகில் கத்தரி விதை கொடுத்துவிடலாமா? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு இவ்வளவு கெடுபிடியா, பத்து விதையில் என்ன வந்துவிடும்?
வாசகர், மண்டபம்

பதில்: கூடாது. இலங்கையில் 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதியைச் சித்தப்பா அங்கிருந்து கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன மனிதர்களையே நோய்க்குப் பயந்து முகாமில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிய ஊர் உங்களுடையது, விதைக்கு மட்டும் விலக்கு கேட்கிறீர்களே!

பத்து விதையில் என்ன வரும் என்பதற்கு உங்கள் வாசலிலேயே பதில் நிற்கிறது. சீமைக்கருவேலம் இந்த மண்ணின் மரம் இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் விதையாக இந்தியாவுக்கு வந்தது. ஆடு நெற்றைத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும், விழுந்த இடத்தில் முளைக்கும். இன்று கண்மாய்க்குள் அது, வயல் வரப்பில் அது. கரிமூட்டம் போட்டு அதில் பிழைக்கிற குடும்பங்கள் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏராளம், அதனால் அதை முழுக்கத் திட்டவும் வாய் வரவில்லை.

கேள்வி: ஆர்டர் செய்யாமலே வெளிநாட்டிலிருந்து ஒரு விதைக் கவர் வந்திருக்கிறது. விதைத்துப் பார்க்கட்டுமா?
வாசகி, தேவிபட்டினம்

பதில்: வேண்டாம். 2020-ல் அமெரிக்காவில் இப்படித்தான் வீடு வீடாகக் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்தன, நம் மத்திய வேளாண் அமைச்சகமும் அப்போது எச்சரித்தது. குப்பையில் வீசாதீர்கள், அங்கேயும் முளைக்கும். கவரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வெளிக் கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.