கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர்கள் வேலை தேடுவது எப்படி?

விடுமுறை தொடங்கிய பிறகு தேடினால் நல்ல இடங்கள் போயிருக்கும். பெரிய நிறுவனங்கள் பல மாதங்களுக்கு முன்பே பயிற்சிப் பணிக்கு ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். கடைகளும் உணவகங்களும் சீசன் நெருங்கும்போதுதான் தேடும்.

லிங்க்ட்இன் போன்ற தளங்களில் விண்ணப்பிப்பது சரிதான், ஆனால் அங்கே போட்டி கடுமை. என்னைக் கேட்டால், முதலில் பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையத்துக்குப் போங்கள், பேராசிரியர்களிடமும் பேசுங்கள். ஆய்வகம், நூலகம் போன்ற இடங்களில் விளம்பரமே வராமல் நிரம்பும் வேலைகள் உண்டு.

மின்னஞ்சலில் "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "உங்கள் ஆய்வகத்தில் தரவுப் பதிவுக்கு உதவ முடியும், எக்செல், பைத்தான் தெரியும், தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து 8 வாரம் முழுநேரம் வர முடியும்" என்று எழுதுங்கள். படிப்பவர் உடனே முடிவெடுக்கலாம். ஒரு வாரம் பதில் இல்லையா, மறுபடி இரண்டு வரி அனுப்புங்கள். தயங்கவே வேண்டாம், பலருக்கு அந்த இரண்டாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வருகிறது.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். வேலை அனுபவம் இல்லையென்றால் வகுப்பில் செய்த புராஜெக்டைப் போடுங்கள்.

அப்புறம், வெளிநாட்டில் படிப்பவர்கள் விசா விதியைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால், எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுக்காதீர்கள்.