முத்து வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: வளர்ப்பு முத்து என்றால் போலிதானே?

இல்லை. சிப்பிக்குள் கருவை, அதாவது முத்து வளரத் தூண்டும் சிறு துண்டை அல்லது உருண்டையை, வைப்பது மனிதர்; அதன்மேல் பளபளக்கும் முத்துப் படலம் சுரப்பது சிப்பி. கண்ணாடி மணிக்குப் பூச்சு அடித்தால்தான் போலி. இன்று கடைகளில் உள்ள அசல் முத்துகளில் கிட்டத்தட்ட எல்லாமே வளர்ப்புதான்.

கேள்வி: அக்கோயா வகைக் கடல் முத்துச் சரங்களின் விலை இவ்வளவு ஏறியது ஏன்?

சரக்கு குறைந்தது, கிராக்கி கூடியது. 2019 கோடையில் ஜப்பானின் எஹிமே, மியே கடலோரங்களில் இளஞ்சிப்பிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. வைரஸே காரணம் என்று பின்னர் தெரிந்தது. சிப்பி வளர்ந்து, கருவேற்றி, அறுவடைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே குறையின் முழு வீச்சும் தாமதமாகத்தான் சந்தைக்கு வந்தது. அதற்குள் சீனாவில் வாங்குவோர் பெருகிவிட்டார்கள். ஆண்களும் முத்து அணியத் தொடங்கினார்கள். ஆனால் ஏறியது நல்ல நீரோட்டமுள்ள, அதாவது நல்ல பளபளப்புள்ள, சரக்கின் விலை. மங்கிப்போன சரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: படம் இணைத்துள்ளேன். 8 மி.மீ., வெள்ளை. என்ன விலை பெறும்?

கடல் முத்தா, நன்னீர் முத்தா என்றுகூட எழுதவில்லை. படமோ மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தது. கடல் முத்துக்கும் நன்னீர் முத்துக்கும் விலை பல மடங்கு வேறுபடும். படத்தைப் பார்த்து மதிப்புச் சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய அக்கோயா சரத்தில் துளையைச் சுற்றித் தோல் உரிகிறது. கழுவியதாலா?

கழுவியதால் அல்ல, அவசர அறுவடையால். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அக்கோயாவின் நடுவில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆற்று மட்டியின் ஓட்டைக் கடைந்த உருண்டை. 7 மி.மீ. முத்தில் ஆறரை மி.மீ. அந்த உருண்டையாகவே இருக்கக்கூடும். சிப்பியைக் கூடுதலாக ஒரு பருவம் கடலில் விட்டால் படலம் தடிக்கும். சிப்பி சாகும் அபாயமும் கூடும். அதனால் பலர் ஓராண்டுக்குள்ளேயே எடுத்துவிடுகிறார்கள். டஹிதி முத்து (பசிபிக் தீவுகளின் கறுப்பு முத்து) ஏற்றுமதிக்கு 0.8 மி.மீ. படலம் வேண்டும் என்று அங்குள்ள அரசே விதித்திருந்தது. அக்கோயாவில் 0.4 இருந்தாலே நல்ல சரக்கு. மலிவுச் சரத்தில் அதில் பாதிகூட இராது. துளையைப் பாருங்கள்: பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக்கும் படலத்துக்கும் நடுவே கோடு தெரியும். வெளிச்சத்தில் சரத்தை உருட்டுங்கள். உள்ளிருக்கும் ஓட்டின் வரிகள் மாறி மாறி மின்னினால் கீழே வைத்துவிடுங்கள். நன்னீர் முத்தை ஏளனமாகப் பேசும் கடைக்காரர்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை: அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உருண்டையே கிடையாது, முழுக்கப் படலம்தான். மலிவுச் சரம்தான் வாங்க முடியும் என்றால் நான் நன்னீர் முத்தைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். 1917-இல் கார்ட்டியே என்ற நகை நிறுவனம் இரண்டு சர இயற்கை முத்துமாலை ஒன்றைக் கொடுத்து நியூயார்க்கில் ஒரு மாளிகையைப் பெற்றது. மாலையின் மதிப்பு அப்போது பத்து லட்சம் டாலர். 1957 ஏலத்தில் சுமார் ஒன்றரை லட்சம். வளர்ப்பு முத்தோ ஆண்டுதோறும் புதிதாக விளைகிறது.

கேள்வி: 6 மி.மீ. கறுப்பு முத்து, எல்லாம் ஒரே நிறம். டஹிதி என்கிறார்கள்.

சாயம். டஹிதியில் 8 மி.மீ.க்குக் கீழே குறைவாகவே கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பச்சை, ஊதா, சாம்பல் என்று சாயல் மாறும். துளையைப் பாருங்கள், நிறம் அங்கே திட்டாகத் தேங்கியிருக்கும்.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றால் துடைத்தால் பளபளப்புத் திரும்புமா?

முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது; அமிலம் அதைத் தின்றுவிடும். பற்பசையும் வேண்டாம், கீறும். ஈரத் துணி போதும். வாசனைத் திரவியம் பூசி உலர்ந்த பிறகே அணியுங்கள்.

கேள்வி: பல்லில் உரசினால் நறநறக்கிறது. கடைக்காரர் இயற்கை முத்து என்கிறார், சரிதானே?

நறநறத்தால் கண்ணாடி அல்ல, அவ்வளவுதான். வளர்ப்பு முத்தும் அப்படியே நறநறக்கும். இயற்கையா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். ஆய்வகச் சான்றிதழைக் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.